வெல்ல வராத வேட்பாளர்

அவைக்கு அழகாய் நடுவில் அமர்ந்திருக்கும் தலைவர் கதிர்காமத்தம்பி ஐயா அவர்களே! பனிமூட்டத்தைப் பாராது, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காத்து நின்று, இந்த ஹோர்சன்ஸ் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! முதியோர் இல்லத்து வேலை முடிந்த கையோடு, சீருடை மேல் குளிர்ச்சட்டை போட்டபடியே ஓடி வந்திருக்கும் தாய்மாரே! பின்வரிசையில் டேனிஷில் குசுகுசுத்தாலும் காதைத் தமிழுக்குத் தந்திருக்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் விமலராணியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

தாயகத்தில் மறுபடியும் சனாதிபதித் தேர்தல். வாக்குச்சீட்டு சேலைத் தலைப்பைப் போல நீண்டு கிடக்கிறதாம். அதிலே நமக்குத் தெரிந்த பெயர்கள் மூன்றோ நான்கோ. மற்றவர்கள் யார்? எதற்காக வருகிறார்கள்? எந்த நம்பிக்கையில் நிற்கிறார்கள்? "வெல்லாத கட்சிக்கு விழும் வாக்கு வீணான வாக்கு" என்று எனக்கு முன்பு பேசியவர் முழங்கினார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டுங்கள், தவறில்லை! ஆனால் அந்தக் கைகள் ஓய்ந்திருக்கும் இந்த வேளையில், ஒரு மனிதரின் கதையைக் கேளுங்கள்.

அவர் இங்கேதான் இருக்கிறார். இரண்டாவது வரிசை, நீலக் குளிர்ச்சட்டை. ஜெயரூபன் அண்ணா, தலையைக் குனியாதையுங்கோ! சொல்லலாம் என்று நீங்கள் ஓம் சொன்ன பிறகுதானே நான் மேடை ஏறினேன்?

ஜெயரூபனுக்குக் கோல்டிங்கில் வீடு. இந்த ஹோர்சன்ஸிலே தொழிற்சாலை வேலை. விடியும் பொழுதில் வைலே கடற்கழியின் மேலே செல்லும் நெடும்பாலத்தில் அவரது கார் வரும். கீழே நீர் தெரியாது, மேலே வானம் தெரியாது. வெண்பனியின் மடியிலே வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்குமாம். அந்த நேரத்தில்தான் அவர் தங்கை ஷர்மினிக்கு அழைப்பார். ஷர்மினி இருப்பது மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில். பெயரைப் பாருங்கள்! கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை, கதிரவன் படும் பக்கம் படுவான்கரை. ஆசுபத்திரி எழுவான்கரையில். இரண்டுக்கும் நடுவே வாவி. வாவியைக் கடக்க ஒரு மிதவை. அதைத்தான் அங்கே 'பாதை' என்பார்கள்.

சென்ற சனாதிபதித் தேர்தல் காலத்தில் ஒருநாள் ஷர்மினி சொன்னாள்: "அண்ணா, நான் அந்தோனிதாசன் ஐயாவுக்கு வேலை செய்யிறன்."

"ஆர் அந்தோனிதாசன்?"

"சனாதிபதித் தேர்தல்ல நிக்கிறார்."

ஜெயரூபன் சிரித்தார். பிறகு கோபித்தார். "உனக்கென்ன விசரா? அந்தாளுக்கு ஆர் போடுவினம்? வெல்லுற ஆளாப் பாத்துப் போடு. நான் சொல்லுறதைக் கேள்!"

சிரிக்கிறீர்கள்! ஏன் சிரிக்கிறீர்கள்? நம்மில் எத்தனை பேர் தொலைபேசியைத் தூக்கி, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவருக்கு வாக்குக் கட்டளை இட்டிருக்கிறோம்? வாக்கு அவர்களுடையது. வாழ்வும் அவர்களுடையது. கட்டளை மட்டும் நம்முடையதா?

ஜெயரூபன் தொலைபேசியோடு நிற்கவில்லை. விடுமுறை எடுத்தார், விமானம் ஏறினார். தங்கையைத் திருத்தத்தான் போனார். போன அன்று மாலையே பாதைத் துறையில் அந்தோனிதாசனின் கூட்டம். கூட்டமா அது? பிளாஸ்டிக் கதிரைகள் பாதிக்கு மேல் வெறுமை. மீன் விற்ற பெண்கள் சிலர், மேய்ச்சல் முடித்து மாடு சாய்த்து வந்த முதியவர்கள் சிலர். வாவியின் மேலே அந்திச் செம்மை உருகிக் கிடந்தது. நீர் எது, நெருப்பு எது என்று தெரியாத நேரம். அந்த ஒளியின் நடுவே, கசங்கிய வெள்ளைச் சட்டையோடு ஒரு மெலிந்த மனிதர் எழுந்தார். நெடுங்காலம் வழக்கறிஞராக இருந்தவர். நின்ற தேர்தல் எல்லாம் தோற்றவர்.

"நான் வெல்ல மாட்டன்" என்றார். "உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா வேட்பாளர் எண்டா அரச தொலைக்காட்சியில கதைக்க நேரம் தருவாங்க. அந்த நேரத்த நான் உங்களுக்குத் தாறன். என்னத்தச் சொல்ல வேணும்? சொல்லுங்க."

கதிரைகளின் நடுவே ஷர்மினி எழுந்தாள்.

"என்ர புருசன் சுஜிந்தன் மாரடைப்பில செத்தவர் எண்டுதான் எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "இந்தத் துறையிலதான் செத்தவர். நெஞ்சு நோகுது எண்டார். ஆட்டோவில ஏத்திக் கொண்டுவந்தம். மழை, காத்து. பாதை ஓடாது எண்டுட்டாங்க. அக்கரையில ஆசுபத்திரி லைட் தெரியுது. அவர் அதையே பாத்துக்கொண்டு கிடந்தார். 'இன்னும் வரல்லியா, இன்னும் வரல்லியா' எண்டு கேட்டார். அதுக்கு மறுகா அவர் ஒண்டும் கேக்கல்ல."

அன்பர்களே, ஜெயரூபனுக்கு இது தெரியாது! மைத்துனர் இறந்தார் என்ற செய்தி டென்மார்க் வந்தது. மாரடைப்பு என்ற சொல் வந்தது. அக்கரை விளக்கைப் பார்த்துக்கொண்டே அணைந்த கண்கள் வரவில்லை. "ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று துறையிலேயே கேட்டார். தங்கை சொன்னாள்: "நீங்க கேக்கல்ல அண்ணா. நீங்க கதைப்பீங்க, நான் கேட்டுக்கொண்டிருப்பன்."

அந்தோனிதாசன் சொன்னதைச் செய்தார். தொலைக்காட்சியில் தன் கட்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை, தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தத் துறையைச் சொன்னார், அந்த மழையைச் சொன்னார், சுஜிந்தன் கேட்ட கேள்வியைச் சொன்னார். "இந்த நாட்டின் தலைவராக யார் வந்தாலும், அவருக்கு நான் விட்டுச்செல்வது இந்தக் கேள்வியை மட்டுமே" என்று முடித்தார். தேநீர்க் கடையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தேநீரை மறந்தார்கள்.

பிறகு நடந்தது என்ன? அதுவரை எட்டிப் பாராத பெரிய வேட்பாளர் ஒருவரின் வாகனங்கள் புழுதி கிளப்பி வந்தன. துறையில் மேடை எழுந்தது. "பாலம் கட்டுவேன்!" என்றார் அவர். ஊர் ஆர்ப்பரித்தது.

ஜெயரூபன் தங்கையிடம் சொன்னார்: "இப்ப பாத்தியா? செய்யிறன் எண்டு இவர் சொல்லிட்டார். உன்ர வாக்கை இனி இவருக்கே போடன்."

ஷர்மினி மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நம்மட சீட்டில ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு விருப்பு வாக்குப் போடலாம் அண்ணா. ஒண்டு, எங்களக் கேட்ட ஆளுக்கு. ரெண்டு, செய்யிறன் எண்ட ஆளுக்கு. ஒருத்தருக்கும் பாதிக்கு மேல விழாட்டி அந்த ரெண்டையும் எண்ணுவாங்க. ரெண்டாவது ஆளு, முதல் ஆளுக்கு விழுந்த எண்ணிக்கையப் பாக்கட்டும். பாத்துப் பயப்படட்டும்."

கேட்டீர்களா? வீண் வாக்கா அது? வெறும் வாக்கா அது? நாம் வாழும் இந்நாட்டில் சனாதிபதி இல்லை, அரசர் இருக்கிறார். ஆயினும் சின்னக் கட்சிகளின் தோள் இல்லாமல் இங்கே ஆட்சி நிமிர்வது அரிது. இங்கே அதை அறிவு என்கிறோம். அங்கே ஓர் ஏழைப் பெண் செய்தால் விசர் என்கிறோம்!

மண்டபத்து மூலையில் யாரோ "எல்லாச் சின்ன ஆக்களும் நல்லவையோ?" என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா, இல்லை! பெரியவருக்குப் பினாமியாக நிற்பவர் உண்டு. சுவரொட்டியில் தன் முகம் பார்க்க நிற்பவர் உண்டு. வாக்கைப் பிரிக்கவே வாடகைக்கு நிற்பவரும் உண்டு. ஆகையால்தான் எடைபோடச் சொல்கிறேன். கட்சியின் பருமனை அல்ல, காதின் பருமனை எடைபோடுங்கள். வந்தவர் பேசினாரா, கேட்டாரா? அதைப் பாருங்கள்.

முடிவுகள் வந்தன. அந்தோனிதாசனுக்கு விழுந்த வாக்குகளைச் செய்தி வாசித்தவர் வாசிக்கவே இல்லை. 'ஏனையோர்' என்ற ஒரே சொல்லில் அவர் கரைந்துபோனார். பாலம் கட்டுவேன் என்ற பெரியவர் வென்றார். பாலத்துக்கு நிலமளக்கும் அளவுக்காரர் வந்தார்கள், போனார்கள். பிறகு வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஷர்மினியும் துறையில் மீன் விற்ற பெண்களும் பாலம் கேட்டு அரச அலுவலகப் படிகளை ஏறி இறங்கினார்கள். வழக்கறிஞர் அந்தோனிதாசனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தார்.

போன மாதம் ஒரு மதிய இடைவேளையில் ஜெயரூபனின் தொலைபேசி ஒலித்தது. தொழிற்சாலைக்கு வெளியே வந்தார். பனி பூவாய் உதிர்ந்துகொண்டிருந்தது. "அண்ணா, ஒண்டும் கதையாதீங்க. கேளுங்க" என்றாள் தங்கை. கைபேசியை வாவிப் பக்கம் நீட்டினாள். தொம்... தொம்... தொம். பாலத்தின் முதல் தூணை வாவி மண்ணில் இறக்கும் ஒலி. வெள்ளை நிலத்தின் நடுவே, வேலைச் சட்டையோடு, கண் மூடி அவர் நின்றார். இடைவேளை முடிந்தது. மேலாளர் வந்து கூப்பிட்டார். ஜெயரூபன் அசையவில்லை.

அந்தத் தூணை எழுப்பியது வென்றவரின் வாக்குறுதியா, தோற்றவரின் தொண்டையா? நான் அறியேன். இன்னும் எத்தனை தூண் வேண்டும், இந்தத் தேர்தலோடு அந்த வேலை நின்றுவிடுமா? அதையும் அறியேன். ஒன்று அறிவேன். இம்முறையும் அந்தோனிதாசன் நிற்கிறார். நேற்று ஜெயரூபன் தங்கைக்கு அழைத்தார். யாருக்குப் போடு என்று சொல்லவில்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்புக்குரியோரே! இன்று வீடு போய் நீங்களும் அழைப்பீர்கள். அழையுங்கள்! அள்ளி அள்ளி அன்பைச் சொல்லுங்கள். வாக்கைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் வாயை மூடுங்கள், செவியைத் திறவுங்கள்!

பொறுமையோடு செவி தந்த தலைவருக்கும், தன் நெஞ்சையே திறந்து தந்த ஜெயரூபன் அண்ணாவுக்கும், குளிரை வென்று வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. அக்கரையில் இருப்போருக்கும் இக்கரையில் இருப்போருக்கும் நல்ல காலம் விடியட்டும். வணக்கம்!