தேசிக்காய் போட்ட பேட்டரி
படித்தவன் என்ற திமிரில், பின்னாலிருந்து நான் பின்னலை மட்டுமே பார்த்த ஒரு பெண்ணை மூடநம்பிக்கைக்காரி என்று மனதுக்குள் தீர்ப்பெழுதிவிட்டேன். திகன போகும் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவள் பக்கத்துத் தோழியிடம், “தேசிக்காய் போட்ட பொறகுதான் எங்க பேட்டரி சாகாம ஓடுது” என்றாள்; எலுமிச்சையைத்தான் சொன்னாள்.

“திருஷ்டியா அக்கா?”

“இல்லடி, துரு. எங்க லேப்ல செய்யிறது, இரும்புக் கரைசல்ல ஓடுற பேட்டரி. சார்ஜ் பண்ணப் பண்ண துரு அடியில படிஞ்சு சீக்கிரம் செத்துரும். தேசிக்காயில இருக்கிற அமிலத்தச் சேர்த்தா படியிறது கொறையுது. நாளைக்கு அதப் பார்க்க, காசு குடுக்கிறவங்க வாராங்க. அதுக்குள்ள நின்னுச்சுன்னா ஆராய்ச்சிய மூடிருவாங்க.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மகாவலி ஆற்றை முதன்முறை பார்ப்பவனைப்போல் பார்த்தேன்.

இறங்கும்போது தோழி சொன்னாள்: “எதுக்கும் லேப் வாசல்லயும் தேசிக்காய் ஒண்ணு கட்டுங்கக்கா.”

“அது மொத நாளே கட்டியாச்சு.”