பிடோக்கில் ஏது கிரேன்

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போவதென்றால் சீக்கிரம் போய்விட வேண்டும், சார். பிந்திப் போனால் கண் செத்த மீன்தான் கிடைக்கும். அன்றைக்கு நான் பிந்தவில்லை. நல்ல வஞ்சிரமாகப் பார்த்துத் துண்டு போடச் சொல்லிவிட்டு நின்றபோதுதான், பழைய பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாமினி அந்தப் படத்தைப் போட்டாள்.

எதிர் அடுக்குமாடி பிளாக்கிலிருந்து யாரோ எடுத்தது. மாடிச் சுவருக்கு வெளியே நீண்ட ஒரு கை; கீழே விழுந்துகொண்டிருக்கும் ஒரு பூனை. ஆளின் முகத்தைத் தூண் மறைத்திருந்தது. குழுவில் எல்லாருக்கும் அன்று காலைதான் பூனைகள் மேல் அன்பு பிறந்திருந்தது.

"ஆதவா, நீதான் கம்ப்யூட்டர் ஆளு. ஏஐகிட்ட போட்டுப் பாரு லா, எந்த ஏரியான்னு சொல்லிடும். அந்த ஆள சும்மா விடக்கூடாது," என்று எழுதினாள்.

போட்டுப் பார்த்தேன். தஞ்சோங் பகார் என்றது. பின்னால் துறைமுகக் கிரேன்கள் தெரிகின்றனவாம். கெட்டிக்கார எந்திரம். நான் குடியிருப்பது அங்கேதான். அந்தக் கையும் என்னுடையதுதான். அந்தப் பூனை தினமும் என் வாசலில் அசிங்கம் செய்தது. எத்தனை நாள்தான் கழுவுவது, நீங்களே சொல்லுங்கள்.

கிரேன்களை வெட்டிவிட்டு மறுபடி கேட்டேன். குவீன்ஸ்டவுன் என்றது. மின்தூக்கி ஜன்னலையும் வெட்டினேன். பிடோக்காக இருக்கலாம் என்றது. "இருக்கலாம்" என்பதை நான் மறைக்கவில்லை. பதிலை அப்படியே எடுத்துக் குழுவில் போட்டேன். அந்தச் சொல்லை ஒருவரும் படிக்கவில்லை.

"பிடோக்கா? எங்கம்மா வீட்டுக்குக் கீழ ஒரு பெரியவரு தினமும் பூனைங்களுக்குச் சோறு வைப்பாரு. சாப்பாட்டக் காட்டிப் புடிக்கிறாரு போல," என்றாள் யாமினி. அவள் வழக்கறிஞர், சார். பெரியவரின் பெயர் தனசேகரன் என்று கண்டுபிடித்து வீட்டு எண்ணோடு குழுவில் போட்டவன் அர்ஃபான். அவன் ஆசிரியர், தீர விசாரிப்பதே மெய் என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைக்கிறவன். வெட்டாத படமும் அதே குழுவில்தான் கிடந்தது. துறைமுகமே இல்லாத பிடோக்கில் ஏது கிரேன் என்று கேட்க ஒரு நாதியில்லை. முதலில் கேட்டது நீங்கள்தான்.

மாலைக்குள் செய்தி பரவி தனசேகரன் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மனிதர் பூனைச் சோற்றுத் தட்டோடு வெளியே வந்திருக்கிறார். அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். யாரோ தள்ள, படியில் உருண்டார். தலையில் அடி. இப்போது பெற்ற மகள் ரக்ஷனாவைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்கிறாராம்.

தடுத்திருக்க முடியாதா என்கிறீர்கள். முடியும். அங்கே நடப்பதை யாமினி குழுவில் வரிவரியாக எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இத்தனை படித்தவர்களில் யாருக்காவது புத்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார். பூனையைத் தூக்கிப் போட்டது நான். அந்தப் பெரியவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் விஷயத்தில் நான் செய்தது, ஒரு படத்தின் ஓரத்தை வெட்டியது மட்டும்தான்.