அந்த நான்கு தட்டு மௌனம்

விழாவுக்குத் தலைமையேற்று, நாற்காலியில் இன்னும் ஒருமுறைகூடச் சாயாமல் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! இருபது ஆண்டுகளாக எங்கள் விரல்களைப் பழக்கி, எங்கள் பிழைகளைப் பொறுத்து, எங்களால் தன் காதுகளை இழக்காமல் தப்பிப் பிழைத்த மாஸ்டர் அவர்களே! பெற்ற பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்துக் கிடந்த தாய்மார்களே! காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு டீக்கடையில் கதை பேசிய தந்தைமார்களே! வயதால் மூத்தவர்களே, வாசிப்பால் என்னை மிஞ்சிய இளையவர்களே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த மாலை வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் எனக்கு அதிகம் ஐயா! ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் ஊசி பிடித்தவள் நான். ஐந்து நிமிடத்தில் மூன்று பேருக்குக் குத்தி, எடுத்து, பஞ்சை வைத்து, "கையை மடக்குங்க, அடுத்த ஆள்" என்று அனுப்பியவள். இந்த அவையில் பாதிப் பேரின் ரத்தம் என் கையால் எடுக்கப்பட்டது. என்ன தம்பி, மூன்றாவது வரிசையில் கையை மறைக்கிறீர்கள்? இன்று ஊசி கொண்டு வரவில்லை, பயப்படாதீர்கள்.

என் பேச்சு முடிந்ததும் நாங்கள் முதன்முதலில் மேடையேறிய பாட்டை மறுபடி வாசிக்க வேண்டும். அதோ, என் பேஸ் கிட்டார் சுவரில் சாய்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் டிரம்ஸ். டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு முக்காலி. அந்த முக்காலி காலியாக இருக்கிறது. அது ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாற்பத்தொரு வயதில் நான் ஏன் இசை கற்க வந்தேன்? ஞானம் தேடியா? இல்லை. புகழ் தேடியா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் பேச ஆளில்லாமல் வந்தேன்! மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி அறை. ஏறிப் போனால் ஒரு சுவர் முழுக்கக் கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகைகள், மறு சுவரில் கிட்டார்கள். கீழே கடை நடத்துகிறவரேதான் மேலே மாஸ்டர். "கிட்டார் வகுப்பு நிரம்பிடுச்சு மேடம். பேஸ்லதான் இடம் இருக்கு" என்றார். பார்த்தேன். அதில் ஆறு கம்பி, இதில் நாலு கம்பி. ரெண்டு கம்பி மிச்சம், சீக்கிரம் கற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சிரிக்காதீர்கள் அம்மா! தூக்கித் தோளில் மாட்டிய பிறகல்லவா தெரிந்தது, அந்த நாலு கம்பியும் துணிக்கொடி கட்டுகிற கனம் என்று.

முதல் மாதம் முழுக்க ஒரே கம்பி. ஒரே சுரம். பக்கத்தில் டிக் டிக் என்று தட்டுகிற சின்னக் கருவி. அது தட்டும்போது நான் தட்ட வேண்டும். அவ்வளவுதான் பாடம். அந்த அவ்வளவுதானை என்னால் செய்ய முடியவில்லை! டிக் வருவதற்குள் என் விரல் போய் நின்றது. மாஸ்டர் தலையில் கை வைத்தார். "மேடம், மெஷின் உங்களைத் துரத்தலை. நீங்கதான் முந்தி ஓடுறீங்க." விரல் நுனி கொப்புளித்தது, கொப்புளம் காய்த்தது, காய்த்த விரலும் காத்திருக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த அறை! ஜன்னல் வழியே விழும் பத்து மணி வெயில், கண்ணாடி துடைக்கும் மருந்தின் வாசம், தரை வழியே காலில் ஏறும் அந்தத் தடித்த ஒலி. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு கிடந்து ஏங்குகிறது.

ஆறு மாதம் போனது. மாஸ்டர் சொன்னார், "ஆண்டு விழாவுக்கு உங்களை ஒரு குழுவில் சேர்க்கிறேன். டிரம்ஸ்காரர் நல்லா வாசிப்பார், சனிக்கிழமை வகுப்புக்காரர்." மறு ஞாயிறு படியேறிப் போனேன். டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தது யார் தெரியுமா? என் அண்ணன்.

மேடை நாகரிகத்துக்கு அவர் என்று சொல்லலாம். வாய் வரமாட்டேன் என்கிறது. இரண்டு வயது மூத்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன், அவன் என்றே சொல்கிறேன். லாரி ஓட்டுகிறவன். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுப் போட்டு, கடைசியில் டிரம்ஸே கற்க வந்துவிட்டான். நாங்கள் பேசி அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மாஸ்டருக்கு அது தெரியாது.

ஒன்பது வருடம் முன்னால் எங்கள் அம்மா போன அன்று அவன் லோடு ஏற்றிக்கொண்டு தொலைதூரத்தில் இருந்தான். "வந்துக்கிட்டு இருக்கேன், நான் வர்ற வரைக்கும் வைங்க" என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னான். பொழுது சாய்ந்தது. உறவினர் கேட்டார்கள், "மகன் வரட்டுமாம்மா?" நான் சொன்னேன், "அவன் என்னைக்கு நேரத்துக்கு வந்தான்? எடுங்க." அவன் வாசலில் இறங்கியபோது அம்மாவை எடுத்து நாற்பது நிமிடம் ஆகி, தீயும் வைத்தாயிற்று. நான் அவனைத் தாமதக்காரன் என்றேன். திரும்பிப் போனவன் ஒன்பது வருடம் வரவில்லை.

அவன் எதிரே நின்று எப்படி வாசிப்பது? எந்த முகத்தோடு பார்ப்பது? மாஸ்டர் தெரியாமலே வழி சொன்னார். "பேஸ் வாசிக்கிறவங்க டிரம்ஸ்காரர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். பெரிய டிரம்மை மிதிக்கிற வலது காலைப் பாருங்க. அந்தக் கால் இறங்குற இடத்துல உங்க விரல் இறங்கணும்." அப்பாடா என்றிருந்தது! முகம் வேண்டாம், கால் போதும்.

காலைப் பார்த்தேன். கேன்வாஸ் ஷூ. பின்பக்கம் மடங்கி நசுங்கி, அதை மிதித்தபடி உட்கார்ந்திருந்தான். "பின்பக்கத்தை மிதிக்காதடா, ஒழுங்கா மாட்டுடா" என்று அம்மா வாசலில் நின்று கத்தாத நாள் உண்டா? நாற்பதைத் தாண்டியும் மாட்டவில்லை அவன். அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டே எட்டு ஞாயிறு வாசித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். நான்கு தட்டு மௌனம். பிறகு அவன் காலும் என் விரலும் ஒன்றாக இறங்க வேண்டும். எட்டு ஞாயிறும் நான் முந்தினேன். எட்டாவது ஞாயிறு மாஸ்டர் பொறுமை இழந்து, "அவர் வரட்டும் மேடம்!" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அவர் லேட்டா வர்றார் மாஸ்டர்! எப்பவுமே லேட்டாத்தான் வருவார்!"

அவன் குச்சிகளை மடியில் வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒன்பது வருடம் கழித்து முதல் வார்த்தை.

"நான் வந்துக்கிட்டுதான் இருந்தேன். நீதான் நிக்கலை."

யார் மீது தவறு என்று ஒன்பது வருடம் ஊரையெல்லாம் கூட்டி வாதாடியவள் நான். அந்த ஒரு வரியில் தோற்றேன். அம்மாவின் முகத்தை அவன் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். நாற்பது நிமிடம் நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, முதல்ல இருந்து" என்றார். முதலிலிருந்து வாசித்தோம். அந்த இடம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் காத்திருந்தேன். கால் இறங்கியது, விரல் இறங்கியது, தரை அதிர்ந்தது. கண்ணீரில் எனக்குக் கம்பி தெரியவில்லை. அன்று படியிறங்கும்போது, "டீ சாப்பிடுறியா?" என்று கேட்டான். அவ்வளவுதான் எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் எழுதிக் கொண்டு வந்தது ஒரே ஒரு பக்கம், அது எப்போதோ தீர்ந்துவிட்டது! ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அறுபத்திரண்டு வயதிலும் லாரியை விடமாட்டேன் என்கிறவன் சாயங்காலம் போன் செய்தான், "வழியில நிக்குது. வந்துக்கிட்டு இருக்கேன்." மாஸ்டர் மேடையேறுமுன் மெதுவாகக் கேட்டார், "வேற ஆளை உட்கார வைக்கட்டுமா மேடம்?" வேண்டாம் என்றேன். ஒருமுறை, "எடுங்க" என்று சொன்ன வாய் இது. இன்னொரு முறை சொல்லாது! ஒரு மணி நேரம் ஆனாலும் இந்த மைக்கை விட மாட்டேன். வேண்டுமானால் என் நாலு கம்பியையும் ஒவ்வொன்றாக வர்ணிக்கிறேன். கேட்பீர்களா? கேட்பீர்களா?

ஏன் எல்லோரும் பின்னால் திரும்புகிறீர்கள்?

வந்துவிட்டான்! வழி விடுங்கள் ஐயா, நாற்காலியை நகர்த்துங்கள். அண்ணா, ஓடாத! மெதுவா வா, படியில பாத்து. ஷூ பின்பக்கத்தை ஒழுங்கா மாட்டிட்டு ஏறு!

தலைவர் அவர்களுக்கு நன்றி, மாஸ்டருக்கு நன்றி, என்னோடு சேர்ந்து காத்திருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. வணக்கம்.

உக்காருண்ணா. மூச்சு வாங்கிக்க. உன் கால் இறங்கட்டும், நான் வர்றேன்.