தொட்டில் பொம்மைச் சட்டை

பழைய துணிதான் தைக்க நல்லது, ஐயா. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், ஊசி ஏறாது. குழந்தை போட்டுத் துவைத்து நைந்த சட்டை என்றால் கத்தரி சொன்னபடி கேட்கும்.

என் பெயர் சௌந்திரம். எடப்பாடியில் நான் தைப்பது பொம்மைச் சட்டை மட்டும். பிள்ளையில்லாத பெண்கள் அம்மன் கோயில் வேம்பில் சின்னத் தொட்டில் கட்டி, அதில் ஒரு மரப்பொம்மையைக் கிடத்துவார்கள். அதன் சட்டை, ஒரு குழந்தை போட்டுக் கழித்த துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். செத்த குழந்தையின் துணி ஆகாது. பதினாறு வருஷத்தில் நான் அதை மீறியதில்லை. பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு.

செல்லாயி மூன்றாவது தடவையாக வந்தாள். முந்தைய இரண்டும் பலிக்கவில்லை. முதுகைத் திருப்பிக் காட்டினாள். விறகுக்கட்டையால் அடித்த இடம் வெடித்து, அதில் சீலை ஒட்டியிருந்தது.

"தை பொறந்தா வேற ஒருத்தியக் கூட்டிட்டு வாராராம். என்னையக் கெணத்துல தள்ளிப்போடுவேங்கறாரு. இந்தத் தடவையாச்சும் பலிக்குமாக்கா?"

"பலிக்கும், போ சாமி" என்றேன்.

அவள் புருஷன் வெள்ளியங்கிரி சொன்னால் செய்கிறவன். நான் யோசித்தேன். குழந்தை வளர்ந்தால் சட்டை பற்றாமல் போகும், கழற்றிப் போடுவார்கள். உயிர் குழந்தையோடு போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் துணி. வெறும் துணியில்தான் இத்தனை நாள் தைத்திருக்கிறேன். பலித்தவர்களுக்கு எப்படியும் பலித்திருக்கும். செல்லாயிக்கு, இனி வளரப் போகாத குழந்தையின் சட்டை வேண்டும். அதில்தான் உயிர் தங்கும்.

மறுநாள் காலை, எனக்கு வழக்கமாகப் பழந்துணி கொடுக்கும் பாவாயி வீட்டுக்குப் போனேன். அவள் முன்னறையில் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க, பொம்மைகளுக்கெல்லாம் மாமியா. உங்க மருமகளுகளுக்கு இன்னம் துணி பத்தலீங்களா?" என்று சிரித்தாள். "பழசெல்லாம் உள்ள மூட்டையில கெடக்குது, எடுத்துக்கோங்க. பையன் தூங்கறான். எழுப்பிப்போடாதீங்கக்கா, அப்பறம் எனக்குத் தறி ஓடாது."

நான் எழுப்பவில்லை. சின்னுசாமிக்கு ஏழு மாதம். போட்டிருந்த சட்டையின் ஓரத்தைப் பாவாயி, தறியில் மிஞ்சிய மஞ்சள் நூலால் மடித்துத் தைத்திருந்தாள். ஒரு கையை உருவியதும் அவனாக விழித்தான். என்னைத் தெரியும், சிரித்தான். மற்றக் கையையும் உருவி, சட்டையை மடித்து என் மடியில் செருகிக்கொண்டேன். பிறகு மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினேன். கால்கள் தொட்டிலை உதைத்தன. முன்னறையில் தறி நின்றது. இழை அறுந்திருக்கும். பாவாயி அதை முடிந்து மறுபடி ஓட்டுவதற்குள் கால்கள் நின்றுவிட்டன.

மூட்டையிலிருந்து நாலு துணி எடுத்துப் பாவாயியிடம் காட்டி, சொல்லிக்கொண்டுதான் வந்தேன். தூக்கத்திலேயே போய்விட்டான் என்றார்கள்; அந்த அழுகையில் சட்டையை யாரும் தேடவில்லை.

அன்றைக்கே தைத்தேன். மஞ்சள் ஓரத்தை வெட்ட மனம் வரவில்லை. தையல் நன்றாக இருந்தது. அது என் தப்பு. மூன்றாம் மாதம் கோயிலுக்கு வந்த பாவாயி, தொட்டில் பொம்மைமேல் அதை அடையாளம் கண்டுவிட்டாள். அவள் புருஷன் அம்மிக் குழவியால் என் வலது கை விரல்களை நசுக்கினான். அதனால்தான் இடது கை ரேகை வைக்கிறேன். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

செல்லாயி இப்போது முழுகாமல் இருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் உலக்கையை எடுத்து வயிற்றில் இடித்துக்கொள்ளப் போனாளாம். நாலு பேர் பிடித்துக்கொண்டார்களாம். "செத்த புள்ளையோட துணியக் குடுத்து ஏமாத்திப்போட்டா" என்று அழுகிறாளாம்.

கொன்றதை நான் மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். துரைக்கு இங்கிலீஷில் எழுதும்போது இதையும் விட்டுவிடாதீர்கள்; செல்லாயிக்கும் படித்துக் காட்டுங்கள். அது செத்த குழந்தையின் துணி இல்லை. நான் கழற்றும்போது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.