மச்சான் பிடிக்காத கயிறு

எனக்கு மீன் வாடை ஆகாது, சார். ஏரலில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. ஆராய்ச்சிக்கென்று தூத்துக்குடிக்கு வந்த புதிதில், கரையில் சங்குக் கறி அழுகிக் கிடக்கிற நாற்றம் மூக்கிலேயே நிற்கும். ராத்திரி சோறு இறங்காது. அப்படிப்பட்ட நான், டெரன்ஸ் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜாஸ்லின் ஊற்றின மீன்குழம்பைச் சாப்பிட்டேன். குமட்டிக்கொண்டு வந்ததை அடக்கி, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். படிப்பின்மேல் எனக்கு இருந்த அக்கறையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டெரன்ஸ் கடலில் இறங்கிச் சங்கு எடுக்கிறவன். ஜாஸ்லின் அவன் மனைவி. அவளுடைய அண்ணன் பெவின், படகில் நின்று டெரன்ஸின் கயிற்றைப் பிடிப்பான். என் ஆய்வே அந்தக் கயிற்றைப் பற்றியதுதான். முத்துக்குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் இறங்குகிறவன் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலி போய்விடுமே என்ற பதைப்பு அவன் கையில் இருக்கும். கீழேயிருந்து கயிறு அசைந்ததுமே தூக்கிவிடுவான். இடுப்பில் ஈயம் கட்டி இறங்குகிறவன், மேலிருந்து இழுத்தால்தானே சட்டென்று வர முடியும்? அடுத்தவனுக்கு அந்தப் பதைப்பு இருக்காது. இன்றைக்கும் இதுதான் உண்மை என்று நிரூபிக்கிறேன் எனப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் கரையில் ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லை. இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது, டியூப் வழியாகக் காற்று போகிறது, கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடிக்கிறார்கள், எல்லாரும் ஒழுங்காகத்தான் இழுக்கிறார்கள் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டார்கள். மச்சான் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லையாம். என் இத்தனை வருடப் பாடும் அம்போவென்று நின்றது.

நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். நான் வாங்கிப் போயிருந்த மக்ரூனை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். மீசையெல்லாம் தூள்.

“மச்சான் புடிக்காத கயித்துல நாலு சாவுன்னு நீயே எழுதிப் போடுடே, காசிலிங்கம். எவன் கடலுக்குள்ள போயி எண்ணப் போறான்?”

காறித் துப்பலாம் போல இருந்தது. எங்கள் துறையே அப்படித்தான், சார். உப்பளத்துப் பெண்களின் கல்வியைப் பற்றிப் பட்டம் வாங்கினவர் உப்பளத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவை ஆராய்ந்த அம்மா ஒரு கொடைக்கும் போனதில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினவன், அந்தப் பிள்ளைகள் சொன்ன பதில்களையெல்லாம் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு, பேனாவை மாற்றி மாற்றி அவனே எழுதினான். நான் பக்கத்துக் கட்டில். இன்றைக்கு எல்லாரும் முனைவர் பட்டத்தோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்கள். என்னால் அது முடியாது. இல்லாத சாவை இருப்பதாக எழுதக் கை கூசும். நடந்ததைத்தான் எழுதுவேன்.

அதனால் ஒன்று நடக்க வேண்டியிருந்தது.

முதலில் பெவினைத் தள்ளி நிறுத்தினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், விடியக்காலம் வாசலில் போய் நின்றால் கூப்பிட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். அப்படி ஒரு வேலை கிடையாது. பொய்தான், ஆனால் ஆய்வேட்டுக்குள் வராத பொய். கரையில் ஒரு வேலை கிடைக்காதா என்று ஏங்கிக்கிடந்தவன், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

டெரன்ஸ் அன்றைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்தான். நான் பிடிக்கிறேன் என்றேன். எத்தனையோ நாள் அந்தப் படகில் போய் வந்தவன் நான், அவனுக்கு என்ன சந்தேகம் வரும்? நடுக்கடலில் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னைக்கு ஒரு நாளு நீங்கதான் எனக்கு மச்சான், சார்.”

சங்கு நாறுகிற ஈரக் கையால் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினான். அந்தச் சட்டையை நான் பிறகு தூக்கி எறிந்துவிட்டேன்.

படகோட்டி ரெக்சன் பின்பக்கம் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. டீசல் கேன் சரிந்து டியூப்பின்மேல் விழுந்ததால் காற்று நின்றது, கயிறு பிடித்தவருக்குப் பழக்கம் போதாது, ஆகவே விபத்து என்று உங்கள் ஸ்டேஷன் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். கேன் சரியவில்லை. டியூப்பை மடித்து, அதன்மேல் நான்தான் கேனைத் தூக்கி வைத்தேன். காற்று நின்றால்தானே கயிறு அசையும்? அசைந்தால்தானே, பிடித்திருக்கிற கை என்ன செய்கிறது என்று பார்க்க முடியும்?

அசைந்தது. தூக்கு என்று அர்த்தம். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஒரு பதைப்பும் வரவில்லை. கீழே கிடக்கிறவன் எனக்கு யார்? என் தங்கச்சியையா கட்டியிருக்கிறான்? அப்புறம் கயிறு தாறுமாறாக வெட்டி இழுத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது, இந்தா பாருங்கள், இன்னும் ஆறவில்லை. நான் விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அது அடங்கின பிறகு கேனை எடுத்துப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, ரெக்சனைக் கூப்பிட்டுக்கொண்டே இழுத்தேன். டெரன்ஸின் மூக்கிலும் வாயிலும் நுரை. பார்க்கச் சகிக்கவில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படாதபோது ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டால் என் ஆய்வு என்ன ஆவது? டீசல் கேன் கொன்றதாக இருந்தால், பெவின் பிடித்திருந்தாலும் இதே கதிதான் என்று வைவாவில் கேட்பார்கள். பெவின் பிடித்திருந்தால் முதல் அசைவிலேயே டெரன்ஸ் மேலே வந்திருப்பான், அது எனக்குத் தெரியும். கொன்றது இழுக்காத கை. அப்படியே திருத்தி எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். தேர்வாளர்களுக்குக் காட்ட ஒரு நகல் மட்டும் கொடுத்துவிடுங்கள்.

துக்கம் கேட்க அந்த வீட்டுக்கும் போயிருந்தேன். ஜாஸ்லின் பெவினை உள்ளே விடவில்லை. அவன் வாசற்படியில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அந்தத் தேய்த்த சட்டை கசங்கி நாறிக் கிடந்தது. அவள் அழவில்லை. என் கண்முன்னால் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

“எம் புருசன் கயித்த விட்டுட்டு நீ எதுக்குண்ணே போன?”

நியாயமான கேள்வி, சார். எவனோ ஒருத்தன் வேலை இருக்கிறது என்று சொன்னானாம், இவன் தங்கச்சி புருஷன் உயிரை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் போனானாம். நானாவது அந்நியன், என்னிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? இவன் கூடப்பிறந்தவன். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.