சும்மா தடிமன்

“மாஸ்க்கை மேலை இழுங்கோ, அன்ரி.”

இந்தக் கடையில் நான் ஒருபோதும் கேட்கக் கூடாதது இது ஒன்றுதான். சேர்ந்த அன்றே முதலாளி நீக்கிலாஸ் அண்ணை சொல்லிவிட்டார். “பிள்ளை, சீலை எடுக்க வாற சனம் முகத்துக்குக் கிட்டப் பிடிச்சு, கண்ணாடி பாத்துத்தான் எடுக்கும். மாஸ்க் எண்டு வாயைத் திறந்தியோ, அடுத்த கடைக்குப் போயிடும்.” இந்தப் பிரெஞ்சு நகரத்துத் தமிழ்க் கடைத்தெருவான ரூ காயில் அடுத்த கடையும் சீலைக் கடைதான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அந்த வருடம் பட்டத்துக்கு எவரும் வேலை தரவில்லை. தலையாட்டினேன்.

ஆனாலும் ஒருமுறை கேட்டேன். அடைத்துக் கிடந்த கடைகளைத் திறக்கவிட்ட முதல் சனிக்கிழமை, நவம்பர் கடைசி. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அப்பா, கூட்டத்தைக் கண்டு சீலை மடிக்க நின்றுவிட்டார். அவருக்குச் சீனி வருத்தம். எங்கள் பேச்சில் எந்த நோயும் வருத்தம்தான்; சளி பிடித்தால் தடிமன், குணமானால் மாறிவிட்டது என்போம். ஒரு அன்ரி மாஸ்க்கை நாடிக்கு இறக்கிவிட்டு அவருக்கு நேரே நின்று இருமினார். கேட்டேன்.

“சும்மா தடிமன், பிள்ளை” என்றார் அன்ரி.

அண்ணை எல்லோருக்கும் கேட்கச் சிரித்தார். “படிச்ச பிள்ளையெல்லே, தடிமனைக் கண்டாலும் டொக்டர் வேலை பாக்கிறா. அன்ரியிட்டை மன்னிப்புக் கேள்.”

கேட்டேன். அப்பா நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஆஸ்பத்திரியில் மெஷினில் கிடந்து, உயிரோடு திரும்பினார். நல்லதுதான். ஆனால் மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இறங்கினால் ஏறுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை. மே மாதம் மறுபடி எல்லாம் திறந்தது. சனம் வெயிலில் கதிரை போட்டுக் குடித்தது, பை பையாக வாங்கியது, கட்டிப்பிடித்தது. அப்பா யன்னலால் பார்த்தார். “எல்லாம் முடிஞ்சுதாம், என்ன?” என்றார்.

அந்தக் கிழமையே எனக்குத் தொண்டை நொந்தது. பார்மசியில் மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்து, இருக்கிறது என்றார்கள். அப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. ஆனாலும் வீட்டில் மாஸ்க்கோடு படுத்தேன், அவருடைய கோப்பையைத் தொடவில்லை. நான் கவனமான ஆள்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். பொசிட்டிவ் என்று சொல்லியிருந்தால் வராதே என்றிருப்பார். எந்தச் சொல்லுக்கு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

“அண்ணை, எனக்குத் தடிமன்.”

“தடிமனுக்கும் லீவோ? கலியாணச் சனம் நிரம்பி வழியுது. நாளைக்கு அக்காவும் வாறா, மகளின்ரை கலியாணத்துக்குச் சீலை எடுக்க. மாஸ்க்கோடை நிண்டு சனத்தை வெருட்டாமல் வா.”

போனேன். நான் பொய் சொல்லவில்லை.

அக்கா என்றது அவருடைய மனைவி பியட்றிஸ். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சோறு கட்டிக்கொண்டு எங்கள் ஐந்து மாடியும் ஏறி வந்த ஒரே ஆள். ஆஸ்துமாக்காரி. ஊசிக்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும். கண்ணாடி முன் நிறுத்தி, கொய்யகம் பிடித்துச் செருகி, தலைப்பைத் தோளில் போட்டு, முகத்துக்கு நேரே நின்று பின் குத்தினேன்.

“குரல் அடைச்சிருக்கு. என்ன பிள்ளை?”

“சும்மா தடிமன், அக்கா.”

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சொல்லிக் கொத்தமல்லி அவித்து வாங்கித் தந்தார். மணமும் இல்லை, ருசியும் இல்லை. நல்லாயிருக்கு என்றேன். அவர் தன் மாஸ்க்கை எடுத்துப் போடப் போனார். “வேண்டாம் அக்கா, நிறம் முகத்துக்குப் பொருந்துதோ எண்டு தெரியாமல் போயிடும்” என்றேன். எடுத்த மாஸ்க்கைக் கைப்பைக்குள் திரும்ப வைத்தார். ஒவ்வொன்றாக இன்னும் பல சீலைகள் உடுத்திப் பார்த்தோம். முதல் சீலையே பொருந்தியிருந்தது.

மகளின் கலியாணத்தை அக்கா பார்க்கவில்லை. அந்தச் சீலையோடு அன்று நான் எடுத்த படம்தான் இப்போது கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.

இன்று காலை, கடை திறந்ததும், அண்ணை படத்துக்குக் கீழே நின்று கேட்டார். “உண்மையைச் சொல்லு. அண்டைக்கு உனக்கு என்ன வருத்தம்?”

பார்மசியிலிருந்து தொடங்கி, இதே ஒழுங்கில் சொன்னேன். “கேக்கக் கூடாது எண்டனீங்கள், கேக்கேல்லை. வா எண்டனீங்கள், வந்தன்.” அவர் சீலைக் கட்டின் மேல் கையை ஊன்றினார். அக்கா மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை என்றும் சொன்னேன். அது அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

கைப்பையை எடுத்தேன். எபினேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வாசல் மேசை வேலைக்கு, ஒரு கிழமைக்கு முன்பே கையெழுத்துப் போட்டாயிற்று. உள்ளே வருகிறவர்களிடம் மாஸ்க்கைப் போடச் சொல்வதுதான் அங்கே வேலை. என்னைப் போல் அதற்குப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

கதவடியில் அவர் குரல் பிடித்தது. “உனக்கு வருத்தமே இல்லையோ, பிள்ளை?”

“இல்லை அண்ணை” என்றேன். “அது எப்பவோ மாறிட்டுது.”

வெளியே வெயில். கடைகள் எல்லாம் திறந்திருந்தன.