சும்மா கிடந்த பாதி

— புல்டோசர் வரப்புல வந்து நிக்குது தம்பி, எழுந்திரு. உன் பாதியில மண்டிக் கிடக்கிற புதரையெல்லாம் இன்னைக்கு வழிச்சு எடுத்தாத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

— விடுக்கா. மண்ணு டெஸ்ட் பண்ற மேடம் ரிசல்ட்டோட வர்றேன்னிருக்காங்க. அவங்க சொல்லட்டும், அப்புறம் நிதானமா வழிச்சுக்கலாம்.

— அவங்களைக் கூப்பிட்டதே நான்தான். அப்பா சரிபாதியாத்தான் பிரிச்சுக் கொடுத்தாரு. என் பாதியை நான் வருஷம் தவறாம உழறேன், அறுத்த தாளைக் கொளுத்தறேன், மூட்டை மூட்டையா உரம் கொட்டறேன். நீ உன் பாதியில கட்டிலைப் போட்டுப் படுத்த. அது காடாப் போச்சு. உன் மண்ணு செத்துப்போச்சுன்னு அவங்க வாயால கேட்டாவது உனக்கு ரோஷம் வரட்டும்.

— இதோ வந்துட்டாங்க. வாங்க மேடம். ரிசல்ட்டை எங்கக்காகிட்ட சொல்லுங்க, நான் படுத்துக்கிட்டே கேட்டுக்கறேன்.

— வணக்கம்மா. அதாவது, ஒரு பாதி மண்ணு ரொம்ப நல்லாயிருக்கு. கறுப்பா, பொலபொலன்னு, மண்புழுவும் நெளியுது. தழைச்சத்து இருக்கு, கரிச்சத்தும் நிறைய சேர்ந்திருக்கு. இன்னொரு பாதிதான், அதாவது, ரொம்ப இளைச்சுப் போச்சு.

— கேட்டுக்கிட்டியாடா?

— இளைச்சது உங்க பாதிம்மா.

— பொட்டலம் மாறியிருக்கும். நல்லாப் பாருங்க.

— நானே தோண்டி எடுத்ததும்மா. சார்கிட்ட கட்டிலை நகர்த்தச் சொல்லி, அதுக்கு அடியிலயும் எடுத்தேன்.

— நகர்த்தலைக்கா. எடுத்துக்கங்கன்னு காலை மட்டும் மடக்கிக் கொடுத்தேன்.

— அதாவதும்மா, மண்ணைப் புரட்டப் புரட்ட உள்ள இருக்கிற கரிச்சத்து காத்தோட போயிடும். தாளைக் கொளுத்தினா மிச்சமும் புகையாப் போயிடும். இங்க சார் பாதியில இலை உதிருது, வேர் மக்குது, எல்லாம் மண்ணுலயே தங்குது. சத்தையும் ஈரத்தையும் பிடிச்சு வெச்சுக்கறது அந்தக் கரிச்சத்துதான். சார், நீங்க இதுக்கு என்னென்ன பண்ணீங்க?

— ஒண்ணும் பண்ணலை மேடம்.

— உரம்கூட போடலையா?

— அதுக்குக் கடைவரைக்கும் போகணுமே.

— அருமை சார். விவசாயிங்க கூட்டத்துல வந்து பேசறீங்களா?

— நின்னுக்கிட்டா பேசணும்?

— நல்லாயிருக்கே கதை. இவன் உட்கார்ந்து தின்னானே, அதெல்லாம் எந்தப் பாதியில விளைஞ்சதுன்னு கேளுங்க மேடம்.

— அதுவும் நியாயம்தான்மா. சாப்பாடு வேணும்னா யாராவது பயிர் பண்ணித்தான் ஆகணும். கொளுத்தாம, தாளை மண்ணுமேலயே பரப்பிவிட்டு, உழவைக் குறைச்சுக்கிட்டா உங்க பாதியும் மெல்லத் தேறிடும். இந்தப் பாதியை மட்டும் புரட்டிடாதீங்க. இத்தனை நாள் சேர்ந்தது மளமளன்னு போயிடும்.

— அப்படியா? தம்பி, பாதியை மாத்திக்கலாமா?

— மாத்திக்கலாம்க்கா. எனக்கு எந்தப் பக்கம் படுத்தா என்ன? நான் அங்க வந்து படுத்தா அந்த மண்ணும் தேறிடும்ல மேடம்?

— தேறும் சார். நீங்க படுத்தா கண்டிப்பா தேறும்.

— பேச்சு மாறக் கூடாதுடா. மேடம்தான் சாட்சி. புல்டோசர்காரரே, வண்டியைத் திருப்புங்க. இந்தப் பாதியில ஒரு செடியையும் தொடக் கூடாது.

— என்னக்கா இது, மாத்திக்கிட்டு நீ உழப் போறதில்லையா?

— எனக்கும் ஆசைதான்டா, ஆனா மண்ணுக்கு ஆகாதாம். நீ போய் அந்தப் பக்கம் விதைச்சு ரெண்டு பேருக்கும் சாப்பாட்டுக்கு வழி பண்ணு, நான் கொஞ்சம் படுக்கறேன்.